அடுத்த ஓபன் யார் பெயரில் இருக்க வேண்டும்? விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் டென்னிஸ் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்துக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டென்னிஸ் ஆடுகிறவர்களும் சொல்லிக்கொடுக்கிறவர்களும் எழுதுவது. வணக்கம்.

ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் போட்டி மறுபடியும் சென்னை நுங்கம்பாக்கத்துக்கு வர வேண்டும் என்ற பேச்சு ஜனவரி பிறந்தாலே எழுகிறது. அந்த ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட போட்டி நம் நாட்டில் முன்பும் இருந்தது. ஒன்று 1979-உடன் நின்றது, இன்னொன்று 2017-உடன் சென்னையை விட்டுப் போனது. இரண்டும் ஏன் கைநழுவின என்பதைப் பார்க்காமல் இன்னொன்றைக் கேட்டு வாங்கினால், சில ஆண்டுகளில் இதே மடலை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும். அதனால் பழைய கணக்கை முதலில் எடுத்துவைக்கிறோம்.

1973-ல் தொடங்கிய இந்திய ஓபன், அன்றைய கிராண்ட் பிரீ சுற்றின் ஒரு பகுதி. இன்றைய ஏடிபி சுற்று 1990-ல் வருவதற்கு முன்பு உலக ஆட்டக்காரர்கள் புள்ளி சேர்த்தது அந்தச் சுற்றில்தான். முதல் போட்டி புதுடெல்லியில் நடந்தது. இறுதியில் விஜய் அமிர்தராஜ், 1957-ன் அமெரிக்கச் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் மால் ஆண்டர்சனை வென்றார். 1974-ல் போட்டி பம்பாய்க்குப் போனது. பட்டம் நியூசிலாந்தின் ஆனி பாருனுக்கு. 1975-ல் கல்கத்தா. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஜிம்மி கானர்ஸை வீழ்த்தி மனுவல் ஒராண்டெஸ் அமெரிக்க ஓபனை வென்றிருந்தார். சில மாதங்களில் அதே ஒராண்டெஸைக் கல்கத்தா இறுதியில் விஜய் தோற்கடித்தார். 1976-ல் பெங்களூரு: நம்மவர் சசி மேனனை வென்று கிம் வார்விக் கோப்பையைக் கொண்டுபோனார். எங்கள் மாவட்டங்களுக்கு இந்திய ஓபன் மிக அருகே வந்தது அந்த ஒரு முறைதான். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். 1978-ல் மறுபடி கல்கத்தாவில், 18 வயது யானிக் நோவா பட்டம் வென்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் பிரெஞ்சு ஓபனையும் வென்றார். 1979-ல் பம்பாயில் விஜய்க்கு மீண்டும் பட்டம். அத்தோடு சரி.

ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே குறை தெரியும். டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூரு என்று போட்டி அலைந்துகொண்டே இருந்தது. ஒரு ஊரிலும் வேர் பிடிக்கவில்லை. போட்டி ஓர் ஊரிலேயே நிலைத்தால்தான் அங்கே கோர்ட்டைப் பராமரிக்கிற ஆள் உருவாவார், நடுவர்கள் உருவாவார்கள், லைன் பார்க்கிறவர்கள் பழகுவார்கள், பந்து எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகள் நாலைந்து ஆண்டில் ராக்கெட் பிடித்துத் தகுதிச் சுற்றுக்கு வருவார்கள். ஆண்டுக்கு ஓர் ஊர் என்றால் ஒவ்வோர் ஆண்டும் எல்லாமே முதலிலிருந்து.

சென்னை ஓபனுக்கு இந்தக் குறை கிடையாது. 1996-ல் டெல்லியில் ஒரு முறை நடந்துவிட்டு 1997-ல் சென்னைக்கு வந்த போட்டி, 2017 வரை 21 முறை ஒரே அரங்கில் நடந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரசு கட்டிய அரங்கம் அது. 1998-ல் பேட் ராஃப்டர் அங்கே வென்றார். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இரட்டையர் பட்டத்தை ஐந்து முறை எடுத்தார்கள். கடைசியாக 2011-ல், பிரிந்து சேர்ந்த பிறகு. ஸ்டான் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை பட்டம் வென்றார். 2014-ல் இங்கே வென்ற அதே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார்.

2008-ன் அரையிறுதியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நடாலும் கார்லோஸ் மோயாவும் ஆடிய மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கர் வரை போயின. 3 மணி 54 நிமிடம். இரண்டாவது செட்டின் டைபிரேக்கரை 10-8 என்று எடுத்துத்தான் நடால் உயிர் பிழைத்தார். மறுநாள் இறுதியில் மிகயீல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். கால்கள் நகரவே இல்லை. ஓர் ஆட்டக்காரரின் உடம்பு ஓர் இரவில் எவ்வளவு மீளும், எவ்வளவு மீளாது என்பதற்கு எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் இன்றும் சொல்லும் உதாரணம் இதுதான்.

உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் போட்டி செய்ததையும் எண்ணிப் பாருங்கள். 2009-ல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி இடம்) நுழைந்து, மோயாவையும் ஈவோ கார்லோவிச்சையும் வென்று இறுதிவரை போனார். 2014-ல் அதே சோம்தேவைச் சென்னையின் ராம்குமார் ராமநாதன் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனார். சொந்த ஊரில் ஒரு போட்டி வாரம் இருந்தால்தான் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் ஏறி வர முடியும். 28 பேர் ஆடும் டிராவில் (ஆட்டப் பட்டியலில்) மூன்று வைல்டு கார்டு, நான்கு தகுதிச் சுற்று இடங்கள். வெளிநாட்டில் அந்த மூன்றும் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போகும்.

பிறகு ஏன் போனது? அரங்கம் அரசுடையது, நடத்தும் உழைப்பு சங்கத்துடையது, கூட்டம் நம்முடையது. ஆனால் உலக அட்டவணையில் அந்த வாரத்துக்கான உரிமம் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஏடிபி அமைப்பில் போட்டி என்பது ஊரைச் சேர்ந்த பொருள் அல்ல. அது உரிமம் வைத்திருப்பவரின் சொத்து. ஏடிபி ஒப்புக்கொண்டால் விற்கலாம், வாடகைக்கு விடலாம், வேறு ஊருக்கு எடுத்துப்போகலாம். ஒப்பந்தம் முடிந்ததும் 2018-ல் அந்த வாரம் புனேக்குப் போனது. அங்கே 2023 வரை இருந்தது. 2024 ஜனவரியில் அந்தப் புத்தாண்டு வாரத்தில் ஹாங்காங்கில் ஏடிபி 250 போட்டி (வென்றவருக்கு 250 புள்ளி தரும் நிலை) நடந்தது; நம் நாட்டில் அந்த நிலைப் போட்டி எதுவும் இல்லை. புனேயில் கூட்டமும் ஆதரவும் இருந்தும் இதுதான் முடிவு. ஆகவே குறை சென்னையுடையதும் அல்ல, புனேயுடையதும் அல்ல.

இந்திய ஓபனுக்கு ஊர் இல்லை, சென்னை ஓபனுக்கு ஊர் இருந்தும் உரிமம் இல்லை. இனி வருவதற்கு இரண்டும் வேண்டும்.

எனவே முதல் கோரிக்கை. எந்த நிலைப் போட்டியானாலும், ஆடவரோ மகளிரோ, அரசுப் பணம் போகிறதென்றால் ஒப்பந்தத்தில் சில வரிகள் இருந்தே ஆக வேண்டும். உரிமத்தை விற்கவோ மாற்றவோ நினைத்தால் முதலில் மாநிலத்திடம் கேட்க வேண்டும்; அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை மாநிலத்துக்கு இருக்க வேண்டும். போட்டியை நகர்த்துவதென்றால் குறைந்தது 18 மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு பருவம் முடிந்து அடுத்த ஆண்டின் அட்டவணை உறுதியான பிறகு சொன்னால் மாற்று ஏற்பாடு எதுவும் நடக்காது. மூன்று வைல்டு கார்டில் ஒன்று, ஆண்டு முழுவதும் மாநிலத்துக்குள் நடக்கும் போட்டிகளில் புள்ளி எடுத்து முதலில் வரும் ஆட்டக்காரருக்கு என்று முன்பே அறிவிக்க வேண்டும். டிரா தாள்கள், ஸ்கோர் தாள்கள், ஆட்ட ஒளிப்பதிவு ஆகியவற்றின் ஒரு படி ஆணையத்தில் சேர வேண்டும். 2022-ல் மாநில அரசு துணை நின்று நடத்திய டபிள்யூடிஏ மகளிர் போட்டியில் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா பட்டம் வென்றார். அதன் ஆவணங்கள் முழுவதும் ஓரிடத்தில் இருந்தால், பத்து ஆண்டு கழித்து வரும் பயிற்றுநருக்கு எவ்வளவு உதவும்!

இரண்டாவது கோரிக்கைதான் எங்கள் மாவட்டங்களைத் தொடுவது. அதில் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. சென்னையில் ஒரு பெரிய போட்டி மட்டும் இருந்து கீழே ஒன்றும் இல்லையென்றால் அது படி இல்லாத மாடிதான். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் எம்15 போட்டி என்பது உலகத் தரவரிசையின் முதல் படி. மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வென்றால் 15 புள்ளி; முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றாலே 1 புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகத்தான் நம் பிள்ளைகள் வெளிநாடுகளுக்கு விமானம் ஏறுகிறார்கள். அதில் ஒரு வாரத்தை ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ, இன்னொன்றைத் தருமபுரியிலோ வையுங்கள். ஓசூருக்குச் சென்னை விமான நிலையத்தைவிடப் பெங்களூரு விமான நிலையம்தான் பக்கம். பெங்களூரில் ஆடிவிட்டு வரும் வெளிநாட்டு ஆட்டக்காரர் அடுத்த வாரம் காரிலேயே வந்துவிடலாம்.

எத்தனை கோர்ட் வேண்டும் என்பதை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். 32 பேர் டிராவுக்கு 31 ஒற்றையர் ஆட்டம், 16 இணைக்கு 15 இரட்டையர் ஆட்டம். முதல் சுற்றில் மட்டும் 16 ஒற்றையர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை மணி என்று வைத்தால், இரண்டு கோர்ட்டில் எட்டெட்டு ஆட்டம், 12 மணி நேரம், நடக்காது. நான்கு கோர்ட் இருந்தால் நான்கு நான்கு ஆட்டம், ஆறு மணி நேரம். மாலையில் இரட்டையருக்கும் இடம் கிடைக்கும். ஆக நான்குக்குக் குறைந்தால் போட்டி கேட்கவே வேண்டாம். ஓடுதளத்தோடு (கோடுகளுக்கு வெளியே ஓடுவதற்கான இடம்) சேர்த்து ஒரு கோர்ட்டுக்கு 36.57 மீட்டர் நீளம், 18.29 மீட்டர் அகலம், அதாவது 7,200 சதுர அடி, பதினாறரை சென்ட். நான்குக்கு 66 சென்ட். நடை பாதை, உடை மாற்றும் அறை, நடுவர் அறை எல்லாம் சேர்த்து ஓர் ஏக்கரில் அடங்கும்.

தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் கட்டும் இந்த நேரத்தில், டெண்டரில் எழுதாமல் விட்டால் பிறகு திருத்தவே முடியாதவை சில உண்டு.

முதலில் திசை. நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். இடம் எப்படி இருக்கிறதோ அப்படியே சுவரை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால், மாலை நாலு மணிக்கு மேல் கிழக்குப் பக்கம் நின்று சர்வ் போடுகிறவருக்குத் தூக்கிப்போட்ட பந்து சூரியனுக்குள் மறைந்துபோகும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதே அந்த நேரம்தான்.

அடித்தளத்தில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. செம்மண் நிலத்தில் கவலை குறைவு. கரிசல் கலந்த இடமென்றால் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். மேலே எவ்வளவு நல்ல தளம் போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் வெடிப்பு ஓடும். அங்கே குறைந்தது 60 சென்டிமீட்டர் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும்; 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடி இறுகாது. ஜல்லிக்கும் கல்தூளுக்கும் கிருஷ்ணகிரியில் பஞ்சமே இல்லை, கல்குவாரி மாவட்டம். ஆனால் சாலை போடும் ஒப்பந்ததாரர் சாலைக்குப் போடும் 20 மில்லிமீட்டர் ஜல்லித் தாரையே மேல் அடுக்கிலும் போட்டுவிட்டுப் போகிறார். மேலடுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் ஜல்லியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்ரிலிக் பூச்சு இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போகும், பந்து ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழும்பும். ரோலரிலிருந்து சொட்டும் டீசல் இன்னொரு வில்லன். சொட்டிய இடத்தில் தார் இளகிப் பூச்சு உரிந்து வரும். அந்த இடத்தை வெட்டி எடுத்து மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை.

சாய்வு ஒரே தளமாக, நூற்றுக்கு ஒன்று. அகலவாட்டில் சாய்த்தால் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 18 சென்டிமீட்டர் வித்தியாசம். நெட்டின் அடியில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிய விடுவது தவறு; நின்று அடிக்கும் இடத்துக்கும் நெட்டுக்கும் உள்ள உயரக் கணக்கு மாறிவிடும். பூச்சு அடிக்கும் முன் கோர்ட் முழுவதும் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அதன் பிறகும் எங்காவது ஐந்து ரூபாய் நாணயத்தைப் படுக்கவைத்து அது மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரவிவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்தச் சோதனை முடிந்து கையெழுத்தானால்தான் அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பாதிப் புகார்கள் வராது.

தாரைக் குறைந்தது 14 நாள், கான்கிரீட்டை 28 நாள் ஆற விட வேண்டும். கான்கிரீட் என்றால் அடியில் பாலித்தீன் தாள் விரிக்காவிட்டால் மண்ணின் ஈரம் ஆவியாக ஏறிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். திறப்பு விழா தேதி நெருங்குகிறது என்று இந்த நாட்களைக் குறைப்பதுதான் கோர்ட் கெடுவதற்கு முதல் காரணம். ஏப்ரல், மே வெயிலில் பூச்சு அடித்தால் பரப்புவதற்குள் காய்ந்து ஊசித் துளை விழும். காலை பத்து மணிக்குள் முடிக்க வேண்டும், மாலைக் கோடை மழைக்கும் பயப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பொங்கல் முதல் மார்ச் நடுவரை இங்கே பூச்சு வேலைக்கு நல்ல காலம். போட்டிக்கும் அதே காலம்தான் நல்லது. அதனால் ஒரு பருவத்தில் தளம், அடுத்த பருவத்தில் போட்டி என்று திட்டமிடுங்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை மறுபூச்சு வேண்டும். அதற்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.

நான்கில் ஒன்றையாவது கிளே (மண் தள) கோர்ட்டாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் எங்களிலேயே உண்டு. முழங்காலுக்கு நல்லது, நீண்ட ராலி பழகும். நம் நாட்டில் சாணம் மெழுகிய மண் தளத்தில் ஆடிய தலைமுறையும் உண்டு. ஆனால் கிளேவுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். ஒகேனக்கல் குடிநீரை நம்பியிருக்கும் தருமபுரியில் குடிநீரை அதற்கு ஊற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. அரங்கத்தின் கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டி கட்டினால் மட்டும் போடுங்கள்.

சின்ன விஷயம்போல் தோன்றும், ஆனால் மாவட்டப் போட்டிகளில் அடிக்கடி தவறுவது நெட். நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பத்தில் 1.07 மீட்டர். இரட்டையர் நெட்டில் ஒற்றையர் ஆடும்போது, ஒற்றையர் கோட்டுக்கு வெளியே 91.4 சென்டிமீட்டரில் இருபுறமும் குச்சி நிறுத்தி நெட்டைத் தூக்க வேண்டும். குச்சி இல்லையென்றால் ஓரத்தில் நெட் தாழ்ந்து கிடக்கும். நேர்க்கோட்டில் அடிக்கிற பந்து சும்மா தாண்டிப்போகும். அப்படியே பழகிய பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போனதும் அதே அடியை நெட்டில் போடுவான். ஒரு ஜோடி குச்சிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எல்லா அரங்கத்துக்கும் வாங்கிக்கொடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் சென்னையில் பழகியவர்களுக்குப் பந்து சற்றே நீளமாகப் போகும். ராக்கெட் நரம்பை ஒன்றிரண்டு பவுண்டு இறுக்கிக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும். போட்டிக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் வருகிறவர்களுக்கு உதவும்.

விளக்கு போடுவதென்றால் போட்டித் தரத்துக்கு 500 லக்ஸ் (வெளிச்ச அளவு) என்று எழுதுங்கள். கம்பங்களை ஓடுதளத்துக்கு உள்ளே நட்டுவிடாதீர்கள். அகலப் பந்தைத் துரத்தும் பிள்ளை நேராகக் கம்பத்தில்தான் போய் முட்டும்.

கோர்ட் வந்தவுடன் எம்15-க்குத் தாவ வேண்டாம். முதல் ஆண்டு அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் 14, 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளை இரண்டு மூன்று நடத்துங்கள். அதில் உள்ளூர் ஆட்கள் நடுவராகவும் லைன் பார்ப்பவராகவும் பழகட்டும். டிரா போடுவது, ஆட்ட வரிசை எழுதுவது, முதலில் ஏழு கேமுக்குப் பிறகும் அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு முறையும் புதுப் பந்து எடுப்பது, மழை வந்தால் எந்த ஆட்டத்தை எந்தக் கோர்ட்டுக்கு மாற்றுவது, இவையெல்லாம் ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் வராது. போட்டி நடத்தித்தான் வரும். இரண்டாம் ஆண்டு பரிசுத் தொகையுள்ள ஆடவர், மகளிர் போட்டி. மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் எம்15. அதற்கான விண்ணப்பத்தில் உரிமம் கேட்பவர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரும், அரங்க உரிமையாளர் என்ற இடத்தில் ஆணையத்தின் பெயரும் இருக்கட்டும்.

நாங்கள் தரக்கூடியதையும் சொல்லிவிடுகிறோம். தளம் போடும்போது ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் அளந்து கையெழுத்திட்டுத் தர, விளையாடத் தெரிந்த, மட்டம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். தண்ணீர்ச் சோதனையன்று வந்து நிற்போம். போட்டி வாரத்தில் லைன் பார்க்கவும், ஆட்டக்காரர்களைப் பெங்களூரிலிருந்து அழைத்து வரவும் எங்கள் செலவிலேயே ஆள் ஏற்பாடு செய்வோம். இடத் தேர்வுக்கு உங்கள் பொறியாளர் வரும் தேதியை இரண்டு வாரம் முன்பே மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகச் சொல்லுங்கள். திசைகாட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட டென்னிஸ் ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும்